கல்யாணக் காசெட்டின் வால்

செய்தி வந்தபோது பகல் பதினொன்றேகால். கல்லூரியில் மூன்றாவது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சித்ரலேகா கரும்பலகையில் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தாள். கேரளக் கரையில் தொடங்கிய அம்பு மலையைத் தொடப் போகிற இடத்தில், அலுவலகத்து இசக்கியம்மா வாசலில் வந்து நின்று கையால் கூப்பிட்டாள்.

"போன் வந்திருக்கு டீச்சர். யாரோ பொம்பள, அழுதுக்கிட்டே பேசுதாவ."

மகாராஜனின் மனைவி முத்துராணிதான். எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள். பின்னால் நாதஸ்வரமும் ஆட்களின் இரைச்சலும் கேட்டன.

"டீச்சர், அவிய போயிட்டாவ. தேர வீடியோ எடுக்கப் போன இடத்துல விழுந்துட்டாவளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி பிரயோசனம் இல்லன்னு சொல்லிட்டாங்க. உங்களுக்குச் சொல்லணும்னு தோணிச்சு."

ஆனித் தேரோட்டம் அன்று. அந்த வருஷம் சாரல் பிந்தியிருந்தது. வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. மகாராஜன் ஒரு கடை மொட்டைமாடியில் காலையிலிருந்து தோளில் கேமராவோடு நின்றிருக்கிறார். வெயில் என்று அங்கே நின்றவர்கள் சொன்னார்கள். இருதயம் என்று டாக்டர் எழுதினார். வயது முப்பத்தெட்டு.

திருநெல்வேலியில் அவர் முகம் பலருக்கு ஞாபகம் இருக்காது. கல்யாண வீட்டில் வீடியோக்காரரை யாரும் பார்ப்பதில்லை, அவர்தான் எல்லோரையும் பார்க்கிறார். ஆனால் அவர் எடுத்த காசெட் பாளையங்கோட்டையில் பல வீட்டு பீரோக்களில், பட்டுச்சேலைக்குக் கீழே இருக்கிறது.

அம்பை என்கிற அம்பாசமுத்திரத்திலிருந்து ஆழ்வார்குறிச்சிக்குப் போகிற வழியில் உள்ள ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் வயல் வேலைக்குப் போனவர்கள். எட்டாவதோடு படிப்பு நின்றது. அம்பையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் படம் கழுவப் போய், வீடியோ வந்த புதிதில் அதைக் கற்றுக்கொண்டு, பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, மனைவி பெயரில் 'ராணி வீடியோ' என்று போர்டு மாட்டினார். "பேரு மகாராசன், சுமக்கது கேமராப் பெட்டி" என்று கல்யாண வீட்டுக் கிழவர்கள் கேலி செய்வார்கள். "சுமக்கவாவது பெட்டி இருக்கே தாத்தா" என்பார்.

சித்ரலேகாவுக்கு அவரைத் தெரிய வந்தது அக்கா மகள் விஜயஸ்ரீயின் கல்யாணத்தில். தொண்ணூற்று ஐந்து, தை மாதம், குறுக்குத்துறை முருகன் கோயிலில் முகூர்த்தம். காசெட் வந்ததும் வீட்டில் எல்லோரும் கூடிப் பார்த்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறி, கையசைத்து, கார் திரும்பிய பிறகும் படம் முடியவில்லை. ஆறு வந்தது. படித்துறை வந்தது. மேகமே இல்லாத வானம் வந்தது. "தை பதினொண்ணு. குறுக்குத்துறை. தண்ணி ஆறாவது படியில. மாமரத்துல இன்னும் பூ இல்ல" என்று ஓர் ஆண்குரல் சொன்னது.

அக்காவுக்குக் கோபம். "கல்யாணத்த எடுக்கச் சொன்னா ஆத்த எடுத்து வச்சிருக்கான். காசெட்டு நம்ம காசெட்டுல்லா?"

மறுநாள் சித்ரலேகா மாடிப்படி ஏறி அந்த அறைக்குப் போனாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அது வால் டீச்சர். காசெட்டுல கடைசியில ரெண்டு நிமிஷம் மூணு நிமிஷம் மிஞ்சும். வெறுமன விடுததுக்கு மனசு வராது. அங்கன என்ன தெரியுதோ அத எடுத்துப் போடுதது. கொளம், கெணறு, மேகம். வேண்டாம்னா அழிச்சுத் தாரேன்."

"எத்தனை வருஷமா எடுக்கீங்க?"

"எம்பத்தாறுல இருந்து. எல்லா வாலுக்கும் தேதி சொல்லிருவேன். தேதி இல்லாம படம் எடுத்தா அது யாரு வீட்டுக் கல்யாணம்னே தெரியாதுல்லா."

சித்ரலேகா கல்லூரியில் புவியியல் ஆசிரியை. முனைவர் பட்டத்துக்காக ஆறு வருஷமாக இந்தப் பள்ளத்தாக்கின் மழைப் பதிவுகளோடு கிடந்தவள். அம்பை, பாபநாசம், ஆழ்வார்குறிச்சி என்று ஊர் ஊராக, எலி கடித்த பேரேடுகளில் இருந்து ஐம்பது வருஷத்து எண்களைப் பெயர்த்து எழுதியிருந்தாள். மழை பெய்யும் நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. பெய்கிற நாளில் கொட்டுகிற அளவு கூடிக்கொண்டே வந்தது. இரவின் வெப்பம் பைய ஏறிக்கொண்டிருந்தது. உலகம் முழுவதும் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்ததன் ஒரு சிறு துணுக்கு அவள் நோட்டில் இருந்தது. ஆனால் அந்த எண்களை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. அவளுக்கே சில நாள் அலுப்பாக இருக்கும். இந்த மனிதரோ அதே காலத்தை, அதே முகூர்த்த மாதங்களில், அதே படித்துறைகளில் நின்று படமாக எடுத்து வைத்திருந்தார், எதற்கு என்று தெரியாமலே.

"ஆத்துத் தண்ணிய வச்சு மழையச் சொல்ல முடியாது மகாராஜன். அது அணையில எவ்வளவு திறந்து விடுதாங்கங்கிறதப் பொறுத்தது" என்றாள்.

"அப்ப அணைக்கட்டு இல்லாத கொளமா பாத்துப் போவோம். ஆழ்வார்குறிச்சிப் பக்கம் மானத்த மட்டும் நம்பி நாலு கொளம் கெடக்கு."

அவள் எண்களையும் அவர் வால்களையும் சேர்க்கிற அந்தப் படம் அப்படித்தான் தொடங்கியது. ஒன்றரை வருஷம் ஆயிற்று. முகூர்த்தம் இல்லாத நாட்களில் பஸ்ஸில் போவார்கள். பழைய வால்களைத் தேடி வீடு வீடாகக் காசெட் இரவல் கேட்டார்கள். "எங்க கல்யாணத்துல ஆறு எதுக்கு வந்துச்சுன்னு இப்பந்தான் தெரியுது" என்று ஒரு வீட்டில் காப்பி கொடுத்தார்கள். தொண்ணூற்று இரண்டு வெள்ளத்துக்கு மறுவாரம் எடுத்த வால் ஒன்று கிடைத்தது. பந்தலைக் காணோம், மண்டபத்துச் சுவரில் ஆள் உயரத்துக்குச் சேறு. அறுப்பு வேலை செய்கிற பேச்சித்தாய் என்கிற அம்மாள் வரப்பில் நின்று கேமராவைப் பார்க்காமல் பேசினாள். "முன்ன மழ பேஞ்சா மண்ணு குடிக்கும். இப்பம் பேஞ்சா மண்ணு வாந்தி எடுக்கு. அதுக்கு என்ன சீக்குன்னு யாரு பாக்கா?" அந்த இடத்தில் மகாராஜன் கேமராவை நிறுத்த மறந்து அழுதுவிட்டார். படத்தில் அந்த நடுக்கம் தெரியும்.

எதனால் இப்படி என்று சொல்ல ஒரு காட்சி வேண்டியிருந்தது. நிலக்கரி எரிகிற புகையைப் பற்றிச் சித்ரலேகா பேசுகிற இடம். தூத்துக்குடி ரோட்டில் நின்று, துறைமுகத்திலிருந்து கரி ஏற்றிவந்த லாரி ஒன்றையும், அது போய் நின்ற செங்கல் சூளையையும் எடுத்தார்கள். லாரியின் நெற்றியில் 'சுடலைமாடன் துணை' என்று பெரிய எழுத்தில் இருந்தது. எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறது என்று மகாராஜனுக்கு அன்று சந்தோஷம்.

படம் இருபத்தெட்டு நிமிஷம். 'மழை நாள்' என்று பெயர். சுவிசேஷமுத்து என்கிற கேபிள்காரர் தன்னுடைய இணைப்புகளில், நானூறு வீடுகளில், ஞாயிறு காலை பதினோரு மணிக்குப் போடுவதாகச் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து திரையின் அடியில் அறிவிப்பு ஓடியது. முத்துராணி அதைப் பார்ப்பதற்காகவே அடுப்பில் பாலை வைத்துவிட்டு மூன்று தடவை பொங்கவிட்டாள். மகாராஜனின் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் சனிக்கிழமையே பஸ் ஏறி வருவதாக இருந்தது.

வியாழக்கிழமை சுவிசேஷமுத்து மாடிக்கு வந்தார். உட்காரவில்லை.

"ரெண்டு மாசமா ராத்திரிக்கு ராத்திரி வயர வெட்டுதாவ டீச்சர். நானும் ஒட்டிப் பாத்தேன். ஆரு வெட்டுனாவளோ அவியளுக்கே வித்துட்டேன். ஞாயித்துக்கெழம எங்கையில இல்ல."

அந்த வருஷக் கடைசிக்குள் ஊரில் தெருவுக்கு ஒருவர் என்று இருந்த கேபிள் எல்லாம் ஒரே கைக்குப் போயிற்று. பலவேசம் அண்ணாச்சி. லாரிகள் அவருடையவை, சூளைகள் அவருடையவை. 'சுடலைமாடன் துணை'யும் அவருடையதுதான்.

அண்ணாச்சி கெட்ட மனிதர் மாதிரியே இல்லை. இரண்டு பேரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, இருபத்தெட்டு நிமிஷமும் எழுந்திருக்காமல் படத்தைப் பார்த்தார். லாரி வந்தபோது மட்டும் சிரித்தார்.

"அது நம்ம வண்டில்லா. சாமி பேரு நல்லா விழுந்திருக்குவே. பின்னால பொகையும் நல்லா விழுந்திருக்கு."

"அண்ணாச்சி, அது யாரு வண்டின்னு..." என்று மகாராஜன் இழுத்தார்.

"இருக்கட்டும்வே. எடுத்தது நல்லா எடுத்திருக்கீரு. வெயிலு என்ன இன்னைக்கு நேத்தா அடிக்கி? சூளையில அம்பது குடும்பம் கஞ்சி குடிக்கி. டீச்சரம்மா படிச்சவிய, அவியளுக்கு நான் சொல்ல வேண்டாம்." காசெட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ஒரிஜினலக் குடுத்துட்டுப் போரும், அதுலதான் தெளிவு இருக்கும். பைய போடுவோம்."

பைய. மெதுவாக என்று பொருள் தரும் அது, இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குத் தாயின் சொல். படியிறங்குகிறவரிடம், காப்பியைச் சூடாக வாயில் வைக்கிறவரிடம், நோயிலிருந்து எழுந்து நடக்கிறவரிடம் சொல்வது. கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும்போது சொல்வதும் அதுவேதான். முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்கிற பழக்கம் இந்த ஊரில் கிடையாது. மகாராஜன் முதல் அர்த்தத்தைக் கேட்டார். சித்ரலேகா இரண்டாவதைக் கேட்டாள். படி இறங்கும்போது அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் முகம் கல்யாண மாப்பிள்ளை முகம்போல இருந்தது. அவள் சொல்லவில்லை.

ஒரிஜினலை அங்கேயே கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு பிரதி அவளிடம் இருந்தது. அதைச் சென்னையில் ஒரு சானலுக்கு அனுப்பினாள். பரிசீலனையில் உள்ளது என்று ஒரு கார்டு வந்தது, காசெட் வரவில்லை. அவளிடம் இன்னொன்று இருக்கும் என்று அவரும், அவரிடம் இன்னொன்று இருக்கும் என்று அவளும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எடுத்த மூலப் படங்கள் இருந்த காசெட்டுகளில் அவர் அதற்குள் வேறு கல்யாணங்களை எடுத்திருந்தார். தொழில் அப்படி.

இரண்டு வருஷம். ஊரில் கேபிள் ஒன்றுதான் என்றான பிறகு, கோயில் கொடை, கடைத் திறப்பு, தேர் எல்லாம் அண்ணாச்சியின் சானலுக்குத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மகாராஜனும் எடுத்தார். போகிறபோதெல்லாம் கேட்பார்.

"அண்ணாச்சி, அந்த மழப் படம்..."

"பைய போடுவோம்வே. இப்பம் ஆடித் தள்ளுபடி விளம்பரம் ஓடுது."

"அண்ணாச்சி, ஐப்பசி வருது. மழ நேரத்துல போட்டா சனங்க பாப்பாவ."

"மழ நேரத்துல மழயப் போட்டா யாரு பாப்பா? சன்னலத் தொறந்தா தெரியுதுல்லா." அலுவலகமே சிரிக்கும். மகாராஜனும் சிரிப்பார்.

அவருடைய அப்பா அதற்குள் இறந்துபோனார். மகன் எடுத்த படம் டி.வி.யில் வருமென்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தவர். கடைசி வரை, "எப்பம்லே போடுதான்?" என்று கேட்டார். "பையப்பா" என்று மகாராஜன் சொன்னார். அதைச் சொன்னபோதுதான் அந்தச் சொல் என்னவென்று தனக்கு விளங்கியதாக, பிறகொரு நாள் சித்ரலேகாவிடம் சொன்னார். விளங்கியும் கேட்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த இருபத்தெட்டு நிமிஷம் இல்லாததாகிவிடும் என்று பயந்தார்.

தொண்ணூற்று எட்டு ஆவணியில் அண்ணாச்சியின் மகள் கல்யாணம். வீடியோ மகாராஜன்தான். காசெட் எல்லாம் அலுவலகத்திலேயே ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். பழைய காசெட்டுகளும் கலந்திருந்தன. லேபிள் உரித்து, பின்விளிம்பில் துளை இருந்தவற்றுக்குச் செல்லோ டேப் ஒட்டியிருந்தார்கள்.

அந்தத் துளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடியோ காசெட்டின் பின்விளிம்பில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அழியக் கூடாத படம் என்றால் அந்தத் துண்டை உடைத்துவிடுவார்கள். துளை விழுந்துவிட்டால் அதன்மேல் வேறு பதிவு ஏறாது. ஏற்ற வேண்டுமென்றால் துளையின்மேல் ஒரு செல்லோ டேப் ஒட்டினால் போதும். 'மழை நாள்' நன்றி அட்டை உட்பட முடிந்த அன்று, மகாராஜன் முத்துராணியையும் சித்ரலேகாவையும் கூப்பிட்டு நிற்க வைத்து, கத்திரி நுனியால் அந்தத் துண்டை உடைத்தார். சீமந்தத்துக்கு வளையல் போடுவது மாதிரி அத்தனை கவனம்.

கல்யாணம் முடிந்து நாலு நாள் கழித்து அவர் கல்லூரிக்கே வந்துவிட்டார். மரத்தடியில் நின்றார்.

"வால் மட்டும் தப்பிச்சிட்டு டீச்சர்."

பெண்ணழைத்துப் போகிற காட்சிக்காக, பெட்டியிலிருந்த ஒரு அரைமணிக் காசெட்டை எடுத்துக் கேமராவில் போட்டிருக்கிறார். வாசல், கார், மாப்பிள்ளை வீட்டு ஆரத்தி என்று இருபத்துநாலு நிமிஷம் எடுத்திருக்கிறார். எடிட் செய்ய உட்கார்ந்து ஓட விட்டபோது, பெண் வலதுகாலை எடுத்துவைத்து உள்ளே போனதும் திரை ஒரு குலுக்குக் குலுக்கி, பேச்சித்தாய் வந்தாள். "...பேஞ்சா மண்ணு வாந்தி எடுக்கு. அதுக்கு என்ன சீக்குன்னு யாரு பாக்கா?" பிறகு வறண்ட ஒரு குளம். பிறகு நன்றி அட்டை. அதில் சுவிசேஷமுத்துவுக்கு அடுத்தபடி, பலவேசம் அண்ணாச்சியின் பெயரும் இருந்தது. அண்ணாச்சி அலுவலகத்துக்குப் போகும்முன், மரியாதைக்காக இவர்களே சேர்த்தது.

"அவியளா அழிச்சிருந்தாக்கூட மனசு ஆறிப்போகும். ஒட்டிக் குடுத்தது அவியதான். அழிச்சது எங்கை டீச்சர்."

"நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க?"

"அன்னைக்கு வால் எடுக்கல. பேட்டரி தீந்துட்டு. வழக்கம்போல வால் எடுத்திருந்தா இந்த நாலு நிமிஷமும் போயிருக்கும்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

சித்ரலேகா அண்ணாச்சியிடம் போய்க் கேட்டாள். அவர் வருத்தப்பட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார். "பயலுவ வெறுங்காசெட்டுன்னு நெனச்சிருப்பானுவ. திரும்ப ஒண்ணு எடுத்துக் குடுங்க டீச்சரம்மா, பைய போடுவோம்." கலர் வந்தது. அவள் குடிக்காமல் எழுந்து வந்தாள். அவளால் ஆனது அவ்வளவுதான்.

பத்து வருஷத்து வால்களை எப்படித் திரும்ப எடுப்பது? இரவல் வாங்கிய காசெட்டுகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பாதி வீடுகளில் அதன்மேல் சினிமா பதிந்துவிட்டார்கள். மகாராஜன் அதற்குப் பிறகு வால் எடுக்கவில்லை. மிஞ்சின காசெட்டை வெறுமையாகவே கொடுத்தார். ஒரு வீட்டில்கூட ஏன் என்று கேட்கவில்லை. தொழில் சுத்தமாகிவிட்டது என்று சிலர் பாராட்டினார்கள்.

அந்த நாலு நிமிஷத்தை மட்டும் வைத்திருந்தார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் சித்ரலேகா சொல்வாள். "அந்தச் செல்லோ டேப்ப முதல்ல உரிச்சிருங்க மகாராஜன். மறுபடி எதுலயாவது கலந்துரப் போகுது."

"பைய செய்வோம் டீச்சர்" என்பார்.

அவர் வாயில் அந்தச் சொல்லைக் கேட்ட முதல் தடவை அவளுக்கு உடம்பு கூசியது. பிறகு பழகிவிட்டது.

அடக்கத்துக்கு அண்ணாச்சி வந்திருந்தார். பெரிய மாலை. முத்துராணியிடம், "தங்கமான மனுசன். ஒரு சொல் அதிர்ந்து பேச மாட்டாம்மா" என்றார். அது உண்மை. அன்று மாலை சானலில் தேரோட்டத்தைப் போட்டார்கள். அவர் விழும்வரை எடுத்தது ஓடியது, பிறகு வேறொருவர் எடுத்தது. இடையில் வெட்டுத் தெரியவில்லை. திரையின் அடியில் கண்ணீர் அஞ்சலி என்று ஓடியது. தொடர்ந்து நகைக்கடை விளம்பரம் ஓடியது.

பதினாறாம் நாள் கழிந்து முத்துராணி மாடி அறையைத் திறந்தாள். கேமராவை விற்க ஆள் வரவிருந்தார்.

"இந்த பீரோவுக்குள்ள உங்க சாமானம் ஏதும் இருந்தா எடுத்துக்கிடுங்க டீச்சர். எனக்கு எது எதுன்னு தெரியாது."

மூன்றாவது தட்டில், மற்றக் காசெட்டுகளோடு சேராமல், துண்டில் சுற்றி அது இருந்தது. லேபிளில் 'வால்' என்று மட்டும் எழுதியிருந்தார். சித்ரலேகா திருப்பிப் பார்த்தாள். பின்விளிம்பில் துளையை மூடிய செல்லோ டேப் மஞ்சளித்திருந்தது. அதன் ஒரு முனை நகத்தால் கீறிக் கிளப்பப்பட்டு, நெல் அளவுக்கு உரிந்து நின்றது. மறுமுனை ஒட்டியபடியே இருந்தது.